தேரிக்கு ஓர் எலுமிச்சம்பழம்

தேரிக்காட்டுக்குக் கிளம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டீர்களா என்றுதான். தண்ணீரும் தொப்பியும் யாரும் சொல்லாமலே பைக்குள் ஏறிவிடும். எலுமிச்சம்பழமும் ஒரு காந்தமும் ஒரு கைலென்ஸும் ஏறுவதில்லை. இவை மூன்றும் இல்லாமல் போனால் தேரி என்பது செக்கச்செவேல் என்ற ஒரு மணல்மேடு; நாலு படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம். மூன்றும் கையில் இருந்தால் ஒரு பகல் முழுக்கப் போதாது.

என் தங்கை மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். கலிபோர்னியாவில் ஆன்சா–பொரேகோ என்று ஒரு பாலைவனப் பூங்கா. மழைநீர் அறுத்து அறுத்துப் பிளந்த மண் பள்ளத்தாக்குகள்; அவற்றின் சுவர்களில் பழங்காலத்து யானை, ஒட்டகம், குதிரை எலும்புகள்; கடல் இருந்த காலத்துச் சிப்பிகள். அதைப் பற்றிய வீடியோ ஒன்றை அரை மணி நேரம் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, "மாமா, நம்ம பக்கம் இப்படி ஒண்ணும் இல்லியா?" என்றாள். அவள் கேட்டது திருநெல்வேலியில், தாமிரபரணிக்கு அரை மைல் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு. "இருக்கு. ஜங்ஷன்ல திருச்செந்தூர் ரயிலேறினா போதும்" என்றேன். அவள் நம்பவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யானை எலும்பும் ராட்சத ஓந்தியும் தேடி யாரும் தேரிக்கு வர வேண்டாம். தமிழ்நாட்டில் மிகப் பழைய உயிர்களைக் கல்லில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரம்பலூர்ப் பக்கம் காரைக்குப் போக வேண்டும். டைனோசர்கள் காலத்துக் கடலடிக் களிமண் அங்கே ஓடைகளாகப் பிளந்து கிடக்கிறது. ஆட்டுக்கடாக் கொம்புபோலச் சுருண்ட அம்மோனைட் ஓடுகள் கிடைத்த பூமி அது. பக்கத்தில் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது, 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற புவியியலாளர் அதை உலகுக்குச் சொன்னார். தேரியின் புதைபடிவங்கள் அவற்றுக்குப் பேரப்பிள்ளைகள் மாதிரி, சின்னவை, இளையவை. ஆனால் அவை உருவான கதையின் ஒவ்வொரு படியையும் அந்த இடத்திலேயே, கையால் தொட்டு, புரிந்துகொள்ள முடியும். அதனால்தான் ஒரு குழந்தையை முதன்முதலில் அழைத்துப்போக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

பயணம் ரயிலிலேயே தொடங்கிவிடுகிறது. ஜங்ஷனை விட்டதும் வண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறும். பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று ஆற்றின் தென்கரையோடு போகும்போது சன்னலில் வயல், வாழை, கால்வாய், மறுபடி வயல். பொருநை என்கிற தாமிரபரணி பாயும் ஊர் என்றால் மனதில் எழும் படம் அப்படியே ஓடும். ஆழ்வார்திருநகரியைத் தாண்டி அடுத்த நிலையம் நாசரேத். அதற்குள் மண்ணின் நிறம் மாறிவிடுகிறது. வாழை போய்ப் பனை வருகிறது, பனைக்குக் கீழே குடைபோல் விரிந்த உடைமரம் வருகிறது. கச்சனாவிளை, குறும்பூர் என்று போகப் போகச் சிவப்பு கூடிக்கொண்டே வரும். ஒரு வற்றாத நதியிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு செம்மணல் பாலை! காயாமொழிக்குத் தெற்கே பரந்து கிடக்கும் குதிரைமொழித் தேரி மட்டும் சுமார் 12 ஆயிரம் ஏக்கர் என்பார்கள். மேற்கே சாத்தான்குளம் பக்கம் இன்னொரு பெரிய தேரி. சாயர்புரம், இடையன்குடி என்று சிறியவை பல.

ஆறு ஒரு பக்கம், பாலை ஒரு பக்கம் என்று இருப்பதைப் பலர் விதியின் விளையாட்டுப்போலப் பேசுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டையும் பெற்றது ஒரே மலைதான்.

ஆனி ஆடியில் தென்மேற்கிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிற காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்கிறது, குளிர்ந்ததும் ஈரம் மழையாகிக் கொட்டுகிறது. கேரளப் பக்கம் கொட்டியது போக, முகடு தாண்டி மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து எஸ்டேட் பக்கமெல்லாம் விழுகிற மழை பொதிகைச் சரிவில் சேர்ந்து தாமிரபரணியாகிறது. ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலைத் தொடுகிறது. மழையை இறக்கிவைத்துவிட்ட காற்று என்ன ஆகிறது? அது நின்றுபோவதில்லை. மலையிலிருந்து கீழே இறங்கும்போது சூடேறுகிறது, இன்னும் வறண்டுபோகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் செங்கோட்டைக் கணவாயிலும் நெருக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வரும்போது வேகம் கூடுகிறது. முப்பந்தலில் நூற்றுக்கணக்கில் காற்றாலைகள் நிற்பதற்கு இந்தக் கணவாய்க் காற்றே காரணம். காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு அதே காற்று கிழக்கே வந்து தேரி மணலை வாரி இறைக்கிறது. மலை, ஈரத்தை ஆறாகக் கொடுத்தது. ஈரம் போன காற்றைத் தேரிக்குக் கொடுத்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வானத்தைப் பார்த்தால் தேரி பாலைவனமே இல்லை. ஜெய்சல்மேரில் ஓராண்டு மழை சராசரியாக 20 சென்டிமீட்டர் அளவுதான். இங்கே ஆண்டுக்கு 60 சென்டிமீட்டருக்கு மேல் பெய்கிறது. பெய்த தண்ணீர் மேலே தங்காத மண், ஆண்டில் சில மாதம் ஓயாத காற்று, இந்த இரண்டும் சேர்ந்துதான் இதைப் பாலையாக வைத்திருக்கின்றன.

அந்த மண் எங்கிருந்து வந்தது என்பதில் நெடுநாள் விவாதம் உண்டு. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற பெயரைப் பல்லாவரத்தோடு சேர்த்துக் கேட்டிருப்பீர்கள். 1863இல் அங்கே கற்காலக் கருவியைக் கண்டெடுத்த புவியியலாளர். அவரே பின்னால் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிலவியலை எழுதினார். மலையடிவாரத்துச் செம்மண்ணை மேல்காற்று அள்ளிக்கொண்டு வந்து கடலோரத்தில் குவித்தது என்பது அவர் கட்சி. பின்னால் வந்தவர்கள் கடலைக் கைகாட்டினார்கள். சுமார் 20 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பூமியின் தண்ணீரில் இன்றைவிடக் கூடுதல் பங்கு பனியாக உறைந்து கிடந்தபோது, கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே போயிருந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம். மன்னார் வளைகுடாவின் கரையோரத் தரை வெயிலில் காய்ந்து கிடந்தது. தாமிரபரணியும் கருமேனியாறும் நம்பியாறும் அதுவரை கொண்டுபோய்க் கடலில் கொட்டிய மணலெல்லாம் வெட்டவெளியில் கிடந்தது. காற்று அதை எடுத்துக்கொண்டது. இரண்டிலும் உண்மை இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. எப்படிப் பார்த்தாலும் முதல் ஊர் மலைதான். பொதிகையின் பாறை உதிர்ந்து, ஆற்றில் உருண்டு, கடலில் அலசப்பட்டு, காற்றில் ஏறி, மறுபடி கரைக்கே வந்து குவிந்த மணல் இதில் நிறைய உண்டு.

இதையெல்லாம் தங்கை மகளுக்குச் சொல்லி முடித்தபோது நாங்கள் இருவரும் தேரிக்குடியிருப்புக்கு வந்திருந்தோம். கற்குவேல் அய்யனார் கோயிலைச் சுற்றி இருக்கும் மணல்தான் பழகுவதற்கு நல்ல மணல்.

காந்தத்தை எடுக்க வேண்டியது இங்கேதான். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் எங்களிடம் இருந்தது. அதை ஒரு பாலிதீன் பைக்குள் போட்டுச் சிவப்பு மணலில் நாலு இழுப்பு இழுக்கச் சொன்னேன். வெளியே எடுத்தபோது அதில் கறுப்புத் தாடி முளைத்திருந்தது. பைக்குள்ளிருந்து காந்தத்தை உருவினால் தாடி வெள்ளைத்தாளில் கொட்டிவிடும். லென்ஸ் வழியாகப் பார்த்தாள். கரிய, பளபளப்பான துகள்கள். மேக்னடைட்டும் அதன் சகோதரக் கனிமங்களும், எல்லாம் இரும்பு. காந்தத்தில் ஒட்டாத மிச்ச மணலைப் பார்த்தால் பெரும்பாலும் குவார்ட்ஸ். நடுநடுவே மாதுளை முத்தைப் பொடித்துப் போட்டதுபோல இளஞ்சிவப்பில் கார்னெட். மலைப்பாறையில் இருக்கிற அதே கார்னெட்.

பிறகு ஒரு சிட்டிகை மணலை உள்ளங்கையில் வைத்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்க்கச் சொன்னேன். கை சிவந்துவிட்டது. தண்ணீர் ஊற்றிக் கழுவக் கழுவ, அடியில் நின்றுபோன மணல்மணிகள் வெளுத்துக்கொண்டே வந்தன. "அப்ப மணலு சிவப்பு இல்லியா மாமா? மேல பூசினதா?" ஆமாம், பூசியதுதான். இரும்பைக் கொண்ட கனிமங்கள் மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடி நனைந்து, மெல்ல மெல்லச் சிதைகின்றன. அவற்றிலிருந்து வெளியேறும் இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஹேமடைட் என்ற செந்நிறப் பொருளாகிறது. வீட்டுக் கம்பிக் கதவில் பிடிக்கிற துருவுக்கு உறவினன். அது களிமண்ணோடு கலந்து ஒவ்வொரு மணல்மணியையும் ஒரு மெல்லிய தோலாகப் போர்த்திவிடுகிறது. ஒரு தேரி முழுக்க, மணிமணியாக.

இந்த மணல் எப்போது வந்து படிந்தது என்று எப்படிச் சொல்வது? இதற்கு ஒரு முறை இருக்கிறது. நான் படித்தவற்றிலேயே மிகவும் அழகான அறிவியல் முறைகளில் அது ஒன்று. குவார்ட்ஸ் மணி ஒன்று மண்ணுக்கடியில் புதைந்து கிடக்கும்போது, சுற்றியுள்ள மண்ணில் இருக்கும் கதிரியக்கப் பொருள்கள் அதன்மேல் ஓயாமல் கதிர்களை வீசிக்கொண்டிருக்கும். அந்த ஆற்றலில் ஒரு சிறு பங்கு மணிக்குள் சிக்கிக்கொள்கிறது, உண்டியலில் காசு விழுவதுபோல. வெயில் பட்டால் உண்டியல் உடைந்து காலியாகிவிடும். காற்றில் பறந்து வந்த மணி வெயிலில் காலியாகி வந்து படிகிறது. மேலே இன்னொரு அடுக்கு மூடியதும் மறுபடி சேரத் தொடங்குகிறது. ஆகவே ஆய்வாளர்கள் ஓடைச் சுவரில் குழாயை அடித்து இறக்கி, வெளிச்சமே படாமல் மணலை எடுத்துப்போய், இருட்டறையில் அதன்மேல் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். உண்டியலில் இருந்தது அத்தனையும் ஒரு மெல்லிய மினுக்கமாக வெளியே வந்துவிடும். அந்த மினுக்கத்தை அளந்தால் எத்தனை காலம் இருட்டில் கிடந்தது என்று கணக்கிடலாம். தேரிமணலை இப்படி அளந்து 2012இல் வெளியான ஆய்வு, செம்மணல் குன்றுகள் ஏறத்தாழ 11 ஆயிரம் ஆண்டுகளுக்கும் 5 ஆயிரம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தவை என்று காட்டியது. புவியியல் கணக்கில் இது நேற்று. இத்தனை சிவப்பு ஏற லட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டாம் என்பதும் அதில் தெரிந்த சேதி.

கோயிலுக்கு அப்பால் நடந்தால் தரை பிளந்துகொண்டு போகும். தேரி என்றதும் வழுவழுப்பான மணல்மேட்டை எதிர்பார்த்து வருகிறவர்கள் இந்த ஓடைகளைப் பார்த்துத் திகைத்துப்போவார்கள். கால் வைத்தால் சரிகிற மணல், இங்கே ஆள் உயரத்துக்கும் அதற்கு மேலும் செங்குத்துச் சுவராக நிற்கிறது. இதற்கும் அந்தச் சிவப்புத் தோல்தான் காரணம். களியும் இரும்பும் மணிகளை ஒன்றோடொன்று லேசாக ஒட்டிவைத்திருக்கின்றன. காய்ந்த நாளில் அது சுவராக நிற்கும். பெருமழை வந்தால் ஒட்டு கரைந்து, நீர் போகிற வழியெல்லாம் கத்தி வைத்து அறுத்ததுபோலத் திறந்துகொள்ளும். சுவர்களில் விரல்விரலாக வழிந்த தடங்கள், கூம்புகள், கூரை இல்லாத சந்துகள். பெரிய பள்ளத்தாக்குகளை ஆக்குகிற அதே விதிகள் இங்கே ஒரு முற்றத்துக்குள் வேலை செய்கின்றன.

2023 டிசம்பர் 17, 18ஐ இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். தேரிக்கு அருகிலுள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஓராண்டில் பெய்ய வேண்டியதைவிட அதிகம் ஒரே நாளில். நாங்கள் வந்த இதே தடத்தில், ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில், செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 800 பயணிகளோடு வெள்ளத்துக்கு நடுவே நின்றுபோனது. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டிலும் வெள்ளம் இருக்கும்போதே சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மணல்குன்றை மழை எப்படி அறுக்கும் என்று பாடப்புத்தகம் சொல்வது, அப்படிப்பட்ட ஓர் இரவில் நடக்கிறது. வருடக்கணக்கில் துளித்துளியாக நடப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி சில இரவுகளில் நடந்து முடிந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை வலுத்திருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் குழந்தைகளோடு ஓடைக்குள் இறங்காதீர்கள். நனைந்த சுவர் சொல்லாமல் சரியும்.

இப்போது எலுமிச்சம்பழம்.

ஓடையின் அடித்தரையிலும் சுவரின் கீழ்ப்பகுதியிலும் சிவப்பு தீர்ந்து, சாம்பல் கலந்த வெள்ளையாக ஒரு படுகை தெரியும். அதிலிருந்து உதிர்ந்த துண்டுகள் தரையில் சிதறிக் கிடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ சுள்ளி ஒடித்துப் போட்டதுபோல இருக்கும். கையில் எடுத்தால் கனக்கும். அவள் எடுத்த துண்டு சுண்டுவிரல் கனம், ஒரு சாண் நீளம். மேலே சொரசொரப்பு, ஒரு பக்கம் கிளை பிரிந்த அடையாளம். முனையை லென்ஸில் பார்த்தால் நடுவே ஒரு சின்னத் துளை. புல்லாங்குழல்போல. எலுமிச்சம்பழத்தை நறுக்கி ஒரு சொட்டுப் பிழிந்தோம். சொட்டு விழுந்த இடத்தில் பொசுபொசுவென்று நுரைத்தது.

நுரைத்தால் அது சுண்ணாம்பு. புளிப்பு பட்டதும் கரியமில வாயு வெளியேறுகிற சத்தம் அது. காதருகே வைத்தால் கேட்கும். ஆனால் உருவம் வேருடையது. இதுதான் தேரியின் புதைபடிவம், வேர்க்கல்.

கதை இப்படி. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசாகப் புளிப்பேறி மண்ணுக்குள் இறங்குகிறது. மணலில் கலந்திருந்த சிப்பித்தூளைக் கரைத்துச் சுண்ணாம்பாகத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. மேலடுக்கில் சுண்ணாம்பு இல்லாமல் போவதும் கீழடுக்கில் அது வெள்ளையாகச் சேர்வதும் இதனால்தான். கீழே ஒரு செடியின் வேர் காத்திருக்கிறது. வேருக்குத் தண்ணீர்தான் வேண்டும், சுண்ணாம்பு வேண்டாம். தண்ணீரை உறிஞ்சிவிட்டுச் சுண்ணாம்பைத் தோலுக்கு வெளியே விட்டுவிடுகிறது. நாளுக்கு நாள் வேரைச் சுற்றி ஓர் உறை கனக்கிறது. செடி ஒருநாள் பட்டுப்போகிறது. வேர் மக்கித் துளையாகிறது. உறை நின்றுவிடுகிறது. பல ஆயிரம் ஆண்டு கழித்து ஒரு மழை சுவரை அறுத்து அதை வெளியே தள்ளுகிறது. மரமே கல்லான சாத்தனூர்க் கதைக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. அங்கே உடல் கல்லானது. இங்கே உயிரோடு இருந்தபோது அது தண்ணீர் குடித்த செயல் கல்லாகியிருக்கிறது.

ஆய்வாளர்கள் இவற்றைத் தேடி வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஓடிக்கொண்டே இருக்கும் மணலில் செடி பிடிக்காது. வேர்க்கல் இருக்கிறது என்றால் அந்த அடுக்கில் மணல் நின்றிருக்கிறது. பசுமை பிடிக்கும் அளவுக்கு நீண்ட காலம் நின்றிருக்கிறது. ஆனாலும் சுண்ணாம்பை முழுக்க அலசிக்கொண்டு போகும் அளவுக்குப் பெருமழைக் காலமாகவும் அது இருந்ததில்லை. ஒரு துளையுள்ள குச்சியிலிருந்து ஒரு காலத்துத் தட்பவெப்பத்தைப் படித்துவிடுகிறார்கள். கேனரி தீவுகளிலும் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கடற்கரையிலும் இதே வேர்க்கற்கள் உண்டு. அங்கே அவற்றைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். நம் பிள்ளைகள் காலடியில் கிடப்பதைத் தாண்டிப் போகிறார்களே என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

அதே சுண்ணாம்பு கொஞ்சம் கூடுதலாகச் சேர்ந்தால் மணல் முழுக்கப் பாறையாகிவிடும். சாத்தான்குளம் பக்கம் பன்னம்பாறையில் சிப்பித் துண்டுகள் பதிந்த மணற்கல்லைப் பார்க்கலாம். கடல் ஒரு காலத்தில் அங்கே வரை இருந்ததன் சாட்சி. திருச்செந்தூரில் வள்ளி குகை குடைந்திருப்பதும் மணற்பாறையில்தான். முருகன் கோயிலின் பழைய கட்டடம் இந்த மணற்கல்லால் ஆனதாக இருந்து, உப்புக்காற்றில் அரித்துப்போய், பிறகு கருங்கல்லில் திருப்பணி செய்யப்பட்டது.

தேரியின் மேற்பரப்பில் வேறொரு வகைக் கல் கிடைக்கும். விரல்நகம் அளவே இருக்கும் குவார்ட்ஸ், செர்ட் சில்லுகள். பிறைவடிவம், கூர்முனை, சுரண்டி. ஃபூட்டே சாயர்புரம் தேரியில் இவற்றைப் பார்த்திருந்தார். 1956இல் சாய்னர், பிரிஜெட் ஆல்சின் என்ற இரு அறிஞர்கள் திருநெல்வேலித் தேரிகளின் நுண்கற்கருவிகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். கருவிகளின் மேலும் அதே செந்நிறம் ஏறியிருப்பதை வைத்து, மணல் சிவந்துகொண்டிருந்த காலத்திலேயே மனிதர்கள் இங்கே குன்றுகளின் மறைவில் தங்கி மீன்பிடித்தும் வேட்டையாடியும் வாழ்ந்தார்கள் என்று கணித்தார்கள். சுமார் 6 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் என்பது அவர்கள் மதிப்பு. இரண்டு பக்கமும் நுணுக்கமாகச் செதுக்கிய கூர்முனைகளுக்கு இலங்கைக் கருவிகளோடு நெருங்கிய சாயல் இருப்பதையும் எடுத்துக்காட்டினார்கள். வரும் வழியில் ரயிலில் கடந்துவந்த ஆதிச்சநல்லூரில் தாழிகளுக்குள் உறங்குகிறவர்களை நாம் மூத்தகுடி என்கிறோம். தேரியில் கல் செதுக்கியவர்கள் அவர்களுக்கும் மூத்தவர்கள்.

இப்படி ஒன்று கண்ணில் பட்டால் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒரு நாணயத்தை அளவுக்கு வைத்து. கல்லை எடுக்காதீர்கள். வேர்க்கல்லையும் அப்படியே. எந்த அடுக்கில், எதோடு சேர்ந்து கிடந்தது என்பதில்தான் அதன் அர்த்தம் இருக்கிறது. அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் கல். குதிரைமொழித் தேரி காப்புக்காடும்கூட. கோயில், சாலை தாண்டி உள்ளே போக விரும்பினால் வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போவதே முறை. முந்திரியும் வேலமும் நட்டு மணலை நிறுத்திவைத்திருப்பவர்கள் அவர்கள்தான்.

எப்போது போவது? தை, மாசி என்பேன். மழை முடிந்து ஓடைச் சுவர்கள் புதிதாகத் திறந்திருக்கும், வெயில் இன்னும் தாங்கும். விடிந்ததும் போய்விட வேண்டும். சாய்ந்த வெளிச்சத்தில்தான் மணலலைகளும், மயில் நடந்த தடமும், குழியானை தோண்டிய புனல்குழியும் எழுந்து தெரியும். பத்து மணிக்கு மேல் எல்லாம் தட்டையாகிவிடும், தரையும் சுடத் தொடங்கும். மணல் நடப்பதைக் கண்ணால் பார்த்தே தீருவேன் என்பவர்கள் ஆடியில் வரலாம். கண்ணாடி அணிந்து, வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு, அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காமல். பதநீருக்காக வருகிறவர்களுக்குப் பங்குனிக்குப் பிறகுதான் நாள். உடன்குடிக் கருப்பட்டிக்கு எல்லா நாளும் நல்ல நாள். கார்த்திகைக் கடைசியில் கற்குவேல் அய்யனார் கோயிலில் கள்ளர் வெட்டுத் திருவிழா. அன்றைக்குக் கூட்டம் கூட்டமாக வந்து தேரி மண்ணைக் கைப்பிடி எடுத்து முடிந்துகொண்டு போவார்கள், வயலில் தூவவும் வீட்டில் வைக்கவும். மண்ணைப் படிக்கப் போகிறவர்களுக்கு அது தோதான நாளில்லை. மண்ணை இந்த மக்கள் எப்படி மதிக்கிறார்கள் என்று பார்க்க அதைவிட நல்ல நாளும் இல்லை.

பனை ஏறி இறங்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நாங்கள் தரையில் மண்டியிட்டுக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே வந்தார். "என்ன அண்ணாச்சி, மோதிரம் எதும் விழுந்திட்டா?" வேர்க்கல்லைக் காட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கெடக்க இடத்துக்குக் கீழ தண்ணி இறங்காது. மேலயே நிக்கும்" என்றார். பிறகு குழந்தையிடம் திரும்பி, "கால் சுடுதா மக்கா? ஒரு சாண் தோண்டிப் பாரு" என்றார். அவள் இரண்டு கையாலும் தோண்டினாள். அரையடிக்குள் மணல் கறுத்துவிட்டது. குளிர்ந்து, கையில் பிடித்தால் உருண்டை பிடிக்கும் ஈரம்.

மேலே காய்ந்த மணல் ஒரு மூடிபோல இருந்து கீழே உள்ள ஈரத்தை வெயிலிலிருந்து காப்பாற்றுகிறது. பெய்கிற மழை தேங்கி ஆவியாகாமல் நேரே உள்ளே போகிறது. களியும் சுண்ணாம்பும் இறுகிய அடுக்கில் தட்டி நின்று, தாழ்ந்த பக்கமாக நகர்ந்து, எங்கேயோ ஊற்றாகக் கசிகிறது. மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் என்று பெயர் வந்தது அப்படி ஒரு சுனையால். திருச்செந்தூர் நாழிக்கிணற்றில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் குடிக்கிற தண்ணீர் கிடைப்பதும் இதே கணக்குதான். மணலுக்குள் இறங்கிய மழைநீர், உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால், அதன்மேல் மிதந்து நிற்கிறது. பனை இந்தப் பாலையில் நிமிர்ந்து நிற்பதன் ரகசியமும் அவள் கையிலிருந்த அந்த உருண்டையில் இருந்தது. பெரியவர் சொன்ன ஒரு வரியைச் சொல்லத்தான் நான் அத்தனை பக்கங்கள் படித்திருந்தேன்.

தாமிரபரணி வெள்ளநீரைக் கருமேனியாறு, நம்பியாறோடு சேர்த்து எம்.எல். தேரி என்ற தேரிப்பகுதி வரை கொண்டுவர 75 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். ஒரே மலையில் பிறந்து, ஒன்று தண்ணீராகவும் ஒன்று காற்றாகவும் பிரிந்துபோனவை, அந்தக் கால்வாயின் கடைசியில் சந்திக்கின்றன. அங்கே நீர் நின்று, மணலுக்குள் இறங்கி, இன்னும் பத்தாண்டில் எந்தக் கிணற்றில் ஊறுகிறது என்று பார்க்க எனக்கு ஆசை. அவளுக்கு அப்போது இருபது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். அவளே அளந்து சொல்லலாம்.

கிளம்பும்போது சாலை ஓரத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி மணலையெல்லாம் அங்கேயே தட்டிவிட்டோம். வேர்க்கல்லை எடுத்த ஓடையிலேயே, எடுத்த இடத்திலேயே, துளை கிழக்கே பார்க்க அவள் திரும்ப வைத்துவிட்டு வந்திருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு அவளுடைய வெள்ளைச் சாக்ஸை என் தங்கை மூன்று தடவை துவைத்தாள். முதல் அலசலில் வாளித் தண்ணீர் செங்காவி நிறமானது. மூன்றாவது அலசலிலும் குதிகால் பக்கம் இளஞ்சிவப்பு போகவில்லை. சோப்பைத் தன் அம்மாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு குழந்தை சொன்னாள்: "விடும்மா, அது மலையில இருந்து வந்தது."